மர வில்லின் இரு பாதியும் சீராக வளைய: டில்லரிங் செய்யும் முறை

மரத்தை அறுத்து வில்லின் உருவத்தைக் கொண்டுவந்துவிட்டு, "இனி எங்கே சுரண்டுவது?" என்று கையில் அரத்தோடு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மரம் தேர்ந்தெடுப்பதும் பிளப்பதும் தனிக் கதை. அது முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வில்லை உடைப்பவர்கள் பெரும்பாலும் சரியான இடத்தில்தான் சுரண்டுகிறார்கள். சுரண்டியதால் என்ன மாறியது என்று பார்ப்பதற்குள் மறுபடியும் சுரண்டிவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான். கீழே வரும் படிகளில் பாதி, அந்த இரண்டாவது சுரண்டலைத் தள்ளிப்போடுவதற்கான ஏற்பாடுகள்.

சில சொற்கள். எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி லிம்ப். கைப்பிடியின் தடிமன் இறங்கி லிம்பாக மாறும் இடத்தைச் சரிவு என்கிறேன். இரண்டு லிம்பும் சீராக வளையும்வரை வயிற்றுப் பக்கம் மட்டும் மரம் எடுப்பதுதான் டில்லரிங்.

1. தொடங்கும் முன் மரம் இருக்க வேண்டிய நிலை

மரம் காய்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான வில் மரங்களுக்கு 8 முதல் 10 சதவீத ஈரப்பதம் நல்லது. ஈரமானி இல்லையென்றால் தராசு போதும். தினமும் ஒருமுறை எடைபோட்டு எழுதிவாருங்கள். ஒரு வாரம் எடை அசையாமல் நின்றால் மரம் சுற்றியுள்ள காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள். காற்றே ஈரமாக இருக்கும் காலத்தில் இது மட்டும் போதாது. மரத்தைச் சில நாள் வெதுவெதுப்பான, உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஈர மரம் நன்றாக வளைந்துகொடுப்பது போலத் தெரியும், ஆனால் வளைந்த வளைவிலேயே நின்றுவிடும். மிகவும் காய்ந்த மரம் முறியும்.

முதுகில் ஒரே ஆண்டு வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும். பலகையிலிருந்து செய்தால் ரேகைகள் ஓரத்தில் வெளியேறாமல் நேராக ஓட வேண்டும். வில் வளையும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு அழுத்தப்படுகிறது. இழுபடும் பக்கத்தில் நார் அறுந்திருந்தால் பிளவு அங்கேயே தொடங்கும். ஆகவே இனி முதுகைத் தொடாதீர்கள். "லேசாகத்தான் சுரண்டினேன்" என்று சொல்லி உடைந்த வில்லைக் காட்டியவர்கள் உண்டு.

முதுகின் இரு ஓரமும் மழுங்கியிருக்க வேண்டும். கூர்மையான ஓரத்தில்தான் சிராய் முதலில் கிளம்பும்.

அகலத்தை இப்போதே முடித்துவிடுங்கள். நுனிக்கு நுனி ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது கைப்பிடியின் நடுவில் போக வேண்டும். பாதி டில்லரிங்கில் அகலத்தைத் திருத்தினால் அதுவரை பார்த்த வளைவு முழுக்க மாறிவிடும்.

தடிமன் சரிவிலிருந்து நுனி வரை படிப்படியாகக் குறைய வேண்டும். நுனியை நோக்கி அகலம் நேர்கோட்டில் குறையும் முக்கோண வடிவ வில்லில் மட்டும் கிட்டத்தட்ட ஒரே தடிமன் போதும். 5 செ.மீ.க்கு ஒரு இடத்தில் காலிப்பரால் அளந்து, பள்ளம் மேடு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே அரை மணி நேரம் செலவழித்தால் பின்னால் இரண்டு நாள் மிச்சம்.

2. கருவிகள்

கரடான மர அரம் ஒன்று, மெல்லிய அரம் ஒன்று, சுரண்டும் எஃகுத் தகடு, உப்புத்தாள், பென்சில், காலிப்பர், கண்ணைக் காக்கும் கண்ணாடி. கொக்கியுள்ள தொங்கு தராசு ஒன்று கட்டாயம். பயணப் பெட்டியை எடைபோடும் மின்னணுத் தராசே போதும்.

அப்புறம் டில்லர் மரம். பெயர்தான் பெரிது, சுவரோடு நிறுத்திய கட்டை அது. மேலே கைப்பிடி உட்காரும் தொட்டில், தரைக்கு அருகில் ஒரு கப்பி. நாணில் மாட்டும் கொக்கி, அதன் கீழே தராசு, தராசிலிருந்து கயிறு கப்பி வழியாக உங்கள் கைக்கு. கட்டையில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கோடு போடுங்கள். வில் முதுகு மேலே இருக்கும்படி உட்காரும். இழுப்பின் அங்குலக் கணக்கை முதுகுப் பக்கத்திலிருந்தே எடுங்கள்.

கப்பி ஆடம்பரம் என்று நினைத்துப் பலர் அதை விட்டுவிட்டு, வில்லைக் காடிகள் (நாணை மாட்டும் சிறு வெட்டுகள்) போட்ட குச்சியில் மாட்டிப் பார்க்கிறார்கள். இரண்டு காரணங்களுக்காக அது வேண்டாம். வில் இழுபட்ட நிலையிலேயே நிமிடக்கணக்கில் நிற்கும், மரம் களைத்துவிடும். இரண்டாவது, உடைந்தால் நீங்கள் அதன் அருகில் இருப்பீர்கள். கயிறு கையில் இருந்தால் 3 மீட்டர் தள்ளி நின்று முழு வில்லையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

வில்லுக்குப் பின்னால் சுவரில் கிடைக்கோடுகள் வரைந்துவிடுங்கள். கோடு இல்லாத சுவரின் முன் கண் எளிதில் ஏமாறும்.

3. இலக்கை எழுதிவைப்பது

எத்தனை அங்குலம் இழுக்க எத்தனை பவுண்டு விசை என்று கைப்பிடியில் பென்சிலால் எழுதுங்கள். இந்தப் பவுண்டுக் கணக்கைத்தான் இனி வில்லின் எடை என்கிறேன். இந்த வழிகாட்டி முழுக்க 28 அங்குல இழுப்பில் 40 பவுண்டு என்று வைத்துக்கொள்கிறேன். வளையாத கைப்பிடி உள்ள வில் என்றால் இதற்கு 66 அங்குல நீளமாவது இருக்கட்டும். குட்டையான வில்லில் அதே இழுப்பு மரத்தை அதிகம் வதைக்கும்.

எழுதுவது ஒரு விதிக்காக: கடைசிவரை எந்தக் கட்டத்திலும் 40 பவுண்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. 10 அங்குலத்திலேயே தராசு 40 காட்டினால் அன்றைய இழுப்பு 10 அங்குலம்தான். "இன்னும் கொஞ்சம் இழுத்தால் வளைவு நன்றாகத் தெரியுமே" என்று 55 வரை போனால், வேண்டாத சுமையில் வயிற்றின் நார்கள் நசுங்கும். அந்த நசுக்கம் பிறகு திரும்பாது.

4. தரையில் அழுத்திப் பார்ப்பது

நாண் வேண்டாம். ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மறு கையால் லிம்பின் நடுவை அழுத்துங்கள். வளைகிறதா, எங்கே வளைகிறது என்று கைக்கே தெரியும். மறு லிம்புக்கும் இதேபோல்.

ஒன்றும் அசையவில்லை என்றால் கரடான அரத்தை எடுங்கள். லிம்ப் முழுக்க, ஒரே சீராக. லேசாக வளையத் தொடங்கியதும் அதை வைத்துவிட வேண்டும். இரண்டு லிம்பும் ஒரே அளவு எதிர்ப்பதாகக் கைக்குப் பட்டால் இந்தப் படி முடிந்தது. வளையாத மரத்தில் நாணை மாட்டி இழுத்தால், முதலில் வளையும் பலவீனமான ஓர் இடம் எல்லாச் சுமையையும் வாங்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்கத்தான் இந்தப் படி.

5. காடியும் நீண்ட நாணும்

நுனியிலிருந்து சுமார் 2 செ.மீ. உள்ளே, இரு பக்கவாட்டிலும் காடி வெட்டுங்கள். முதுகிலிருந்து வயிற்றுக்கு வரும்போது காடி கைப்பிடியை நோக்கிச் சாய வேண்டும். முதுகின் குறுக்கே வெட்டாதீர்கள். வட்ட அரத்தால் 3 மி.மீ. ஆழம் போதும், விளிம்பை உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் நாணை அறுக்கும்.

முதல் நாண், வில்லை வளைக்காமலே மாட்டக்கூடிய நீளத்தில் இருக்க வேண்டும். ஆனால் தொளதொளவென்று தொங்கக் கூடாது. அதிகம் தொங்கும் நாண் லிம்பைக் கீழ்நோக்கி மட்டும் இழுக்கிறது. நாணேற்றிய வில்லில் நுனிகள் உள்நோக்கியும் இழுபடும். ஆகவே தொங்கும் நாணில் பார்த்த வளைவும் எடையும் ஓரளவுக்குத்தான் நம்பத்தக்கவை.

6. டில்லர் மரத்தில் பார்ப்பது

வில்லைத் தொட்டிலில் வைக்கும்போது, எய்யும்போது உங்கள் உள்ளங்கை அழுத்தப்போகும் இடம் தொட்டிலில் உட்கார வேண்டும். கொக்கியை விரல்கள் இழுக்கப்போகும் இடத்தில் மாட்டுங்கள். இதை அநேகமாக எல்லாப் புதியவர்களும் தவறவிடுகிறார்கள். வில்லின் நடுவில் தொட்டில், நாணின் நடுவில் கொக்கி என்று வைத்து அழகாகச் சமன் செய்துவிட்டு, கையில் எடுத்ததும் ஒரு லிம்ப் முந்துகிறதே என்பார்கள்.

சில அங்குலம் மெதுவாக இழுத்து விடுங்கள், மறுபடி இழுங்கள். 40 பவுண்டு வந்தாலும் நிறுத்த வேண்டும், ஒரு குறை கண்ணில் பட்டாலும் நிறுத்த வேண்டும். எது முதலில் வருகிறதோ அது. குறை தெரிந்த பிறகும் இழுப்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை, அந்தக் குறைதான் மரத்தில் பதியும்.

ஒரு லிம்பை மட்டும் பார்க்காதீர்கள். நுனிகள் கிடைக்கோடுகளில் ஒரே மட்டத்தில் இறங்குகின்றனவா? கொக்கி நேராகக் கீழே வருகிறதா, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா? எந்த லிம்ப் வலுவானதோ அந்தப் பக்கம்தான் கொக்கி ஒதுங்கும். ஒரு தூக்குநூல் தொங்கவிட்டால் இது பளிச்சென்று தெரியும்.

கைப்பேசியில் படம் எடுத்து அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய கண் மறைத்த குறை தலைகீழ்ப் படத்தில் அகப்பட்டுவிடும்.

கோணல் மரமாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. மரம் இயல்பிலேயே முன்னோ பின்னோ வளைந்திருக்கும் இடம், இழுத்த பிறகும் அந்த உருவத்தைக் காட்டும். ஓய்வில் ஒரு படம், இழுப்பில் ஒரு படம் எடுத்து, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். உருவத்தை மட்டும் பார்த்துச் சுரண்டினால், ஏற்கெனவே வளைகிற இடத்தையே மேலும் மெலிதாக்கிவிடுவீர்கள்.

7. சுரண்டுவது

விறைப்பாக இருக்கும் இடத்தில் எடுங்கள், வளைகிற இடத்தைத் தொடாதீர்கள். விதி இவ்வளவுதான். கடினம் அளவில் இருக்கிறது.

மரத்தின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 12 மி.மீ. தடிமனில் 1 மி.மீ. போனால் அந்த இடத்தின் விறைப்பில் ஏறக்குறைய 23 சதவீதம் போய்விடும். அகலத்தில் 10 சதவீதம் குறைத்தால் விறைப்பும் 10 சதவீதம்தான் குறையும். அரத்தை நாலு இழுப்பு இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு மரம்தான் போகும், வளைவில் அது தெரியும்.

விறைப்பான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சிறு கருவி செய்துகொள்ளுங்கள். 15 செ.மீ. நீளத்தில் தட்டையான மரத்துண்டு, நடுவில் துளை, துளையில் பென்சில். வில்லை மிதமாக இழுத்துக் கயிற்றைக் கட்டிவிட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு, துண்டை வயிற்றின் மேல் வைத்து நகர்த்துங்கள். வளைவு அதிகமான இடத்தில் துண்டின் நடுவுக்கும் மரத்துக்கும் இடைவெளி அதிகம் இருக்கும். அங்கே பென்சில் முனை மரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து, லிம்ப் முழுக்க ஓட்டினால் விறைப்பான இடங்களில் மட்டும் கோடு விழும். கட்டிய நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். உடனே கயிற்றைத் தளர்த்தி, கோடு விழுந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள். வளையாத நுனிப் பகுதியிலும் சரிவிலும் கோடு விழத்தான் செய்யும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

சுரண்டும்போது தகட்டை ஒரே இடத்தில் குத்தி இழுக்காதீர்கள். கோட்டுக்குச் சற்று முன்னால் தொடங்கிச் சற்றுப் பின்னால் முடியும் நீண்ட இழுப்புகள். ஒரு தடவைக்குப் பத்து. எண்ணுங்கள், மறு லிம்போடு ஒப்பிட உதவும்.

பத்து இழுப்பு முடிந்ததும் வில்லை மறுபடி மாட்டி, அப்போது எட்டியிருக்கும் இழுப்பு வரை 20 முதல் 30 தடவை இழுத்து விடுங்கள். பிறகுதான் பார்க்க வேண்டும். சுரண்டியதன் விளைவு உடனே முழுக்கத் தெரியாது. நார்கள் சில தடவை வேலை செய்த பிறகே வளைவு புது நிலைக்கு வரும். இதைச் செய்யாமல் "மாறவே இல்லையே" என்று இன்னும் பத்து, இன்னும் பத்து எடுத்தால் திடீரென்று எல்லாம் சேர்ந்து தெரியும். என் மூன்றாவது வில் அப்படித்தான் போனது. நடு லிம்பில் ஒரு விறைப்பைத் துரத்தி, அரை மணி நேரத்தில் அதே இடத்தை வில்லின் மிக மெலிந்த இடமாக்கிவிட்டேன்.

அப்படி ஓரிடம் மட்டும் கதவுக் கீல் போல மடங்கினால், அதைக் கீல் என்றே சொல்லலாம். எடுத்துவிட்ட மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. கீலை விட்டுவிட்டு அதன் இருபுறமும், பிறகு லிம்ப் முழுக்க, அதற்கப்புறம் மறு லிம்பும் குறைத்துக்கொண்டு வர வேண்டும். இதில் சில பவுண்டு போகும். 40 என்று நினைத்த வில் 33-இல் நிற்கலாம். சரி, 33 பவுண்டு வில்லும் அம்பு எய்யும்.

8. "சீரான வளைவு" எல்லா வில்லுக்கும் ஒன்றல்ல

வளைவில் மரத்தின் மேற்பரப்பு எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்பது இரண்டைப் பொறுத்தது: எவ்வளவு வளைகிறது, எவ்வளவு தடிமன். தடித்த இடம் மெலிந்த இடத்தைப் போலவே வளைந்தால் தடித்த இடம்தான் அதிகம் வதைபடும்.

ஆகவே சரிவிலிருந்து நுனிவரை அகலம் நேர்கோட்டில் குறைந்து, தடிமன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் முக்கோண வடிவ லிம்ப், வட்டத்தின் பகுதி போல வளைய வேண்டும். பாதி நீளம் வரை அகலம் மாறாமல் தடிமன் குறைந்துகொண்டே போகும் லிம்ப், சரிவின் பக்கம் குறைவாகவும் வெளிப்பக்கம் சற்று அதிகமாகவும் வளைய வேண்டும். நீள்வட்டத்தின் பகுதி போல. இரண்டிலும் கடைசி 10 முதல் 15 செ.மீ. ஏறக்குறைய வளையாமல் இருந்தால் நல்லது. அந்த நுனியை ஒல்லியாக்கி எடையைக் குறைக்கலாம், அம்பு வேகமாகப் போகும்.

அகன்ற சீரான லிம்பை வட்டமாக்கப் பார்த்து, சரிவுக்குப் பக்கத்தில் மரத்தை நசுக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே படியும் நிரந்தர வளைவுதான் நுனியில் மிக அதிகமாகத் தெரியும்.

9. முதல் நாணேற்றம்

நீண்ட நாணில் 40 பவுண்டைத் தாண்டாமல் இரு நுனியும் சுமார் 10 செ.மீ. இறங்கி, வளைவும் ஒத்திருந்தால் குட்டை நாணுக்கு மாறலாம். முதலில் தாழ்வாக ஏற்றுங்கள்: கைப்பிடிக்கும் நாணுக்கும் 7, 8 செ.மீ. இடைவெளி போதும். முழு உயரமான 15 செ.மீ. பிறகு.

நீண்ட நாணிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். நாணேற்றியதும் வளைவு வேறு மாதிரி தெரியும், உண்மையான வளைவு அதுதான்.

ஏற்றியதும் நுனியிலிருந்து நீளவாக்கில் பாருங்கள். நாண் கைப்பிடியின் ஒரு பக்கம் ஒதுங்கினால், அந்தப் பக்கத்து ஓரம் பலவீனமாக இருந்து லிம்ப் முறுக்கிக்கொள்கிறது. எந்தப் பக்கம் நாண் நகர வேண்டுமோ அந்தப் பக்கத்து வயிற்று ஓரத்தைச் சுரண்டுங்கள். முறுக்கத்தை இப்போதே சரிசெய்வது எளிது; எடை எட்டிய பிறகு எடுக்க மரம் இருக்காது.

இப்போது இரு சரிவிலிருந்தும் ஒரே தூரத்தில் நாணுக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் அம்பைப் பிடிப்பவர்களுக்கு, மேல் லிம்பில் இடைவெளி 3 முதல் 5 மி.மீ. அதிகம் இருப்பது வழக்கம். அம்பு கைக்கு மேலே போவதால் நாணும் நடுவுக்குச் சற்று மேலே இழுபடுகிறது. அதற்கான ஈடு இது. ஆனால் இந்த எண்ணுக்காகச் சுரண்டாதீர்கள், கொக்கி நேராக இறங்குவதுதான் கடைசிச் சாட்சி.

10. அங்குலம் அங்குலமாக

முழு உயர நாணில், ஒவ்வொரு தடவையும் ஓரிரு அங்குலம் கூட்டி, அங்குலத்துக்குப் பவுண்டு என்று குறித்துக்கொண்டே போங்கள். எண்கள் சீராக ஏற வேண்டும். முழு இழுப்பில் இரண்டு, மூன்று விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள்.

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் நாணைக் கழற்றி, உடனே வில்லைப் பக்கவாட்டில் பாருங்கள். எங்கே நேராகாமல் நிற்கிறதோ அங்கே மரம் அளவுக்கு மேல் வேலை செய்கிறது. நிரந்தர வளைவு கூடிக்கொண்டே போனால் இழுப்பதை நிறுத்தி, அந்த இடத்தைத் தவிர மற்ற இடங்களைக் குறையுங்கள்; மரம் ஈரமா என்றும் பாருங்கள். எல்லா மர வில்லிலும் சிறிது வளைவு தங்கத்தான் செய்யும். 2, 3 செ.மீ. என்றால் கவலை வேண்டாம்.

வயிற்றில் குறுக்காக மெல்லிய மயிர்க்கோடுகள் தெரிந்தால் நார்கள் நசுங்கிவிட்டன. அந்த இடத்தின் சுமையை மற்ற இடங்களுக்கு மாற்ற உடனே டில்லரைத் திருத்த வேண்டும். முதுகில் சிராய் கிளம்பினால் மேலே இழுக்காதீர்கள். சிறியதென்றால் பசை விட்டு, நூலால் இறுக்கிச் சுற்றிக் காயவிடலாம். பிளவு ஓரம் வரை ஓடினால் அந்த வில் முடிந்தது.

26 அங்குலத்தில் 40 பவுண்டு வந்ததும் அரத்தையும் தகட்டையும் தள்ளிவைத்துவிடுங்கள். மீதி 2 அங்குலம் உப்புத்தாளுக்கும், எய்து பழகும்போது குறையும் சில பவுண்டுகளுக்கும். 28-இல் 40 என்று துல்லியமாக நின்று, அதன்பிறகு அரத் தழும்புகளைத் தேய்த்தவர்கள் 36 பவுண்டு வில்லோடு வருகிறார்கள்.

எடை ஏற்கெனவே குறைந்துவிட்டால் இரு நுனியிலும் ஒரு அங்குலம் வெட்டிப் புதுக் காடி போடலாம், சில பவுண்டு கூடும். குட்டையாகும் வில் அதிகம் வதைபடும் என்பதை மறக்காமல், ஏற்கெனவே நிரந்தர வளைவு தங்கிய வில்லில் இதைச் செய்யாதீர்கள்.

11. எய்து பழக்குவது

முதல் 30 அம்புகள் அரை இழுப்பில். பிறகு மெதுவாக முழு இழுப்புக்கு. அம்பு இல்லாமல் நாணை ஒருபோதும் விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுக்க லிம்புக்கே திரும்பும்.

சுமார் 100 அம்புக்குப் பிறகு மறுபடி டில்லர் மரத்தில் மாட்டிப் பாருங்கள். ஒரு லிம்ப் சற்றே பலவீனமாகியிருப்பது சகஜம். மற்றதில் உப்புத்தாளால் நாலைந்து தேய்ப்பு, இருபது இழுப்பு, மறுபடி பார்வை. அது நின்ற பிறகு எண்ணெயோ வார்னிஷோ பூசலாம். அதற்கு முன் பூசிவிட்டு, திருத்தும்போது சுரண்டி எடுத்துக்கொண்டிருப்பது வீண் வேலை.